பெஞ்சு தீர்ப்பு

மயிலாப்பூர் லஸ் பக்கத்தில் நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கிறது. அங்கே தினமும் காலை ஆறரை மணிக்கு ஓர் உச்ச நீதிமன்றம் கூடும். கறுப்பு அங்கி கிடையாது, சுத்தியல் கிடையாது. நீதிபதிகள் அரை டிராயரும் கேன்வாஸ் ஷூவும் போட்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் சித்திரை வெயிலிலும் குரங்குக் குல்லாயைக் கழற்ற மாட்டார். மூன்று சுற்று நடந்து, மூச்சு வாங்கி, சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்ததும் வழக்கு எடுத்துக்கொள்ளப்படும். பதிமூன்று வருடமாக ஒரே வழக்குதான் ஓடியது. இந்திய கிரிக்கெட் அணியில் ரவிச்சந்திரன் அஸ்வினுக்கு இடம் உண்டா, இல்லையா?

இந்த நீதிமன்றத்தின் கிளைகள் தி.நகர் நடேசன் பூங்காவிலும் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலும் இயங்குகின்றன. அங்கே சட்டம் கொஞ்சம் மாறும், தீர்ப்பு மாறாது. நான் மூட்டுவலிக்காக நடக்கப் போய் லஸ் அமர்வின் நிரந்தரப் பார்வையாளனாகிவிட்டேன். தலைமை நீதிபதி ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. இரண்டாமவர் ஆடிட்டர். மூன்றாமவர் வருடத்தில் ஆறு மாதம் நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருப்பவர். அதனால் 'வெளிநாட்டு ஆடுகளம்' பற்றிய சந்தேகங்களெல்லாம் அவரிடம்தான் போகும். மூவரில் கிரிக்கெட் ஆடிய அனுபவம் உள்ளவர் வங்கி மாமா ஒருவரே. 1968இல் கல்லூரி அணியில் இருந்தாராம். பன்னிரண்டாவது ஆளாக.

"பையன் நல்ல பவுலர்தான் ஓய், யார் இல்லேன்னா? ஆனா..." என்று அவர் தொடங்குவார். அந்த 'ஆனா'வுக்கு இருக்கும் வயிறு வேறு எதற்கும் கிடையாது. 106 டெஸ்ட், 537 விக்கெட், விக்கெட்டுக்கு 24 ரன், 37 தடவை இன்னிங்ஸுக்கு ஐந்து விக்கெட் என்று எல்லாவற்றையும் போட்டாலும் விழுங்கும். பந்து வீச வந்தவர் அடித்த ஆறு டெஸ்ட் சதத்தையும் 3503 ரன்னையும் மேலே தாளித்துக் கொட்டினாலும் விழுங்கும். தொடர் நாயகன் விருதை 11 முறை வாங்கினார். டெஸ்ட் கிரிக்கெட்டில் அந்த எண்ணிக்கையில் அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் முத்தையா முரளிதரன் ஒருவர்தான். அதையும் விழுங்கிவிட்டு, 'ஆனா' ஏப்பம் விடும்: "வெளிநாட்டில என்ன கிழிச்சான்?"

537இல் 383 விக்கெட் இந்திய மண்ணில் எடுத்தவை. ஆடிட்டர் இந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்திருப்பார். அவர் பேச்சைக் கேட்டால் உள்நாட்டு விக்கெட் என்பது ரேஷன் அரிசி, வெளிநாட்டு விக்கெட் என்பது பாசுமதி. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் இந்தியாவில் அடித்த சதத்தை மட்டும் யாரும் ரேஷன் கடைப் பையில் போடுவதில்லையே? அது எந்த ஊரில் அடித்தாலும் பாசுமதிதான். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்து 134க்கும் 164க்கும் சுருண்டது. அஸ்வின் முதல் இன்னிங்ஸில் 43 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். "பிட்ச் அப்படி, நான் போட்டாலே திரும்பும்" என்றார் குல்லாய்க்காரர். அதே பிட்சில், அதே டெஸ்டில், அதே ஆள் 106 ரன் அடித்தார். இப்போது என்ன சொல்வது? அரை நிமிடம் அமைதி. பிறகு தீர்ப்பு வந்தது: "சுத்தினான், பட்டுது."

பெஞ்சின் வாதத்தில் சாரமே இல்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரே ஒரு ஸ்பின்னருக்குத்தான் இடம் என்றால், ஜடேஜாவின் மட்டையையும் ஃபீல்டிங்கையும் பார்த்து அவரை எடுப்பது பைத்தியக்காரத்தனம் அல்ல. கணக்குக் கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒருவரிடம் மட்டுமே கேட்பதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. விராட் கோலி 2019 நவம்பரில் கொல்கத்தாவில் ஒரு டெஸ்ட் சதம் அடித்தார். அடுத்த டெஸ்ட் சதம் 2023 மார்ச்சில் அகமதாபாதில் வந்தது. நடுவில் மூன்று வருடத்துக்கு மேல். அவருடைய இடத்தைப் பற்றி எந்த பெஞ்சும் விசாரணை வைக்கவில்லை. "ஃபார்ம் போயிருக்கு, வந்துடும்" என்றார்கள், மின்வாரியத்துக்கு போன் போட்டுவிட்டுக் கரென்டுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. பேட்ஸ்மேனுக்குப் போவது ஃபார்ம். பவுலருக்குப் போவது இடம்.

2021ஆம் வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 11, சிட்னி. முதுகு பிடித்துக்கொண்டு, காலையில் ஷூ லேஸ் கட்டக்கூடக் குனிய முடியாத ஆள், ஹனுமா விஹாரியுடன் நின்று 128 பந்து ஆடி டெஸ்டைக் காப்பாற்றினார். அன்று லஸ் அமர்வு கைதட்டியது. அந்தக் கைதட்டல் பொங்கல் வரை தாங்கியது. ஜூனில் சவுதாம்ப்டனில் முதல் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். தோற்ற அந்த ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் நியூசிலாந்து இழந்தது இரண்டே விக்கெட், இரண்டும் அஸ்வினுடையவை. அந்த இரண்டு வருடச் சாம்பியன்ஷிப்பில் உலகத்திலேயே அதிக விக்கெட், 71, எடுத்தவரும் அவர்தான். ஜூலையில் லண்டன் ஓவல் மைதானத்தில் சர்ரே அணிக்காக இறங்கி 27 ரன்னுக்கு ஆறு விக்கெட் எடுத்தார். சோமர்செட் 69க்கு ஆல் அவுட். இங்கிலாந்தில் எடுத்துக் காட்டு என்றார்கள், காட்டினார். ஆகஸ்டிலும் செப்டம்பரிலுமாக இந்தியா அங்கே நாலு டெஸ்ட் ஆடியது. நாலிலும் அவர் வெளியே. நாலாவது டெஸ்ட் அதே ஓவலில். அந்த டெஸ்டில் இந்தியா 157 ரன்னில் ஜெயித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் விட்டாலும் ஆடிட்டர் விடமாட்டார்.

சரி, அதுவாவது ஜெயித்த கதை. 2023 ஜூன் 7க்கு என்ன சொல்வது? மறுபடி ஓவல், மறுபடி இறுதி ஆட்டம், எதிரே ஆஸ்திரேலியா. அந்தத் தேதியில் ஐசிசி பட்டியலில் உலகத்தின் முதல் நிலை டெஸ்ட் பவுலர் யார் என்றால், மேற்கு மாம்பலத்துக்காரர். மூன்று மாதம் முன்னால் அதே ஆஸ்திரேலியாவிடம் 25 விக்கெட் எடுத்துத் தொடர் நாயகன் விருதை ஜடேஜாவோடு பங்கிட்டவர். டெஸ்ட் கிரிக்கெட்டில் இடது கைக்காரர்களை இருநூறு தடவை வெளியேற்றிய முதல் பவுலர். ஆஸ்திரேலியப் பதினொருவரில் இடது கை மட்டைக்காரர்கள் ஐந்து பேர்: வார்னர், கவாஜா, ஹெட், கேரி, ஸ்டார்க். கல்யாணச் சத்திரத்தில் இலை போட்டு, பருப்பும் நெய்யும் ஊற்றி, சமையல்காரரை வாசலில் நிறுத்திவைத்த மாதிரி, அஸ்வினை வெளியே உட்கார வைத்தார்கள். காரணம்? வானத்தில் மேகம்.

மேகம் அன்று மத்தியானமே கலைந்துபோனது. டிராவிஸ் ஹெட் 163 அடித்தார், ஸ்மித் 121. இருவரும் சேர்ந்து 285. ஆஸ்திரேலியா 469. தண்ணீர் பாட்டிலும் துண்டும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடியவர்களில் உலகத்தின் முதல் நிலை பவுலரும் ஒருவர். கடைசி இன்னிங்ஸில் அதே ஆடுகளத்தில் நேதன் லயன் 41 ரன்னுக்கு நாலு விக்கெட் எடுத்தார். அவர் யார்? ஆஃப் ஸ்பின்னர். ஆஸ்திரேலியாவுக்கு மேகம் வேறு கம்பெனியிலிருந்து சப்ளை ஆகிறது போலிருக்கிறது. இந்தியா 209 ரன்னில் தோற்றது. சச்சின் டெண்டுல்கரே தனக்கு இது புரியவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். முந்தின வாரம் "ஒரு ஸ்பின்னர் போதும், லண்டன் குளிர்ல விரல் மடங்காது" என்று நியூஜெர்சி சாட்சியத்தோடு தீர்ப்பு எழுதிய லஸ் அமர்வு, தோற்ற மறுநாள் ஒருமனதாகக் கூடி, "நான் அப்பவே சொன்னேனே" என்றது. யாரிடம் சொன்னீர் ஓய்? பூங்காவின் புறாக்களிடமா?

அடுத்த மாதம் டொமினிக்காவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அஸ்வின் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 12 விக்கெட் எடுத்தார். "வெஸ்ட் இண்டீஸ் இப்ப ஒரு டீமா?" என்று கேட்டார் ஆடிட்டர். எடுக்காத இடத்தில் கேள்வி. எடுத்த இடத்திலும் கேள்வி.

ஓவல் முடிந்த கையோடு அஸ்வின் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஓய்வு பெறும் நாளில் தனக்கு இருக்கப்போகும் முதல் வருத்தம், நல்ல பேட்ஸ்மேனாக இருந்தவன் பவுலரானதுதான் என்றார். ஒரு காலத்தில் அணிக்காரர்கள் நண்பர்களாக இருந்தார்கள், இப்போது சக ஊழியர்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். அவரை 'அதிகமாக யோசிப்பவர்' என்று முத்திரை குத்துகிறார்களே, அதற்குப் பதில். தொடர்ந்து பதினைந்து ஆட்டம் உண்டு என்று தெரிந்தவன் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. இரண்டே ஆட்டம்தான் என்று தெரிந்தவன் யோசிக்காமல் என்ன செய்வான்? நியாயமான கேள்வி. ஆனால் அந்த முத்திரையை வடக்கே யாரோ செய்து அனுப்பியதாக நாம் நினைத்துக்கொள்கிறோமே, அங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அது இங்கே மயிலாப்பூரில் வார்த்த முத்திரை. "ரொம்ப யோசிக்கறான்", "வாய் ஜாஸ்தி", "அதிகப்பிரசங்கி". பரம்பரை பரம்பரையாகப் பிள்ளைகளை "யோசிச்சுப் படிடா" என்று குட்டி வளர்த்த ஊர், யோசித்து விளையாடிய ஒருவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. ஐடி பட்டம் வாங்கிய பையன் கிரிக்கெட்டில் புத்தியைப் பயன்படுத்துகிறானாம்! கம்ப்யூட்டரில் பயன்படுத்தியிருந்தால் நியூஜெர்சியில் வீடு வாங்கியிருப்பான். பெஞ்சு அவனை மாப்பிள்ளை ஆக்கிக்கொண்டிருக்கும்.

2019 மார்ச்சில் ஐபிஎல்லில், பந்து வீசும் முன்பே கோட்டைத் தாண்டிப் போன ஜோஸ் பட்லரை ரன் அவுட் செய்தபோதும் இதே கதைதான். விதிப்படி அவுட். உலகம் திட்டியது, அதைக்கூட விட்டுவிடலாம். "நம்மாத்துப் பையன் இப்படிப் பண்ணலாமோ?" என்று லஸ் முனையில் ஒரு குடும்ப மானம் கப்பலேறியதே, அதை எங்கே போய்ச் சொல்வது? மூன்று வருடம் கழித்து எம்சிசி தன் விதிப் புத்தகத்தில் அந்த முறையை 'முறையற்ற ஆட்டம்' பகுதியிலிருந்து எடுத்துச் சாதாரண ரன் அவுட் பகுதியில் வைத்தது. லண்டன்காரர்கள் மாறிவிட்டார்கள். லஸ் இன்னும் மாறவில்லை.

இதற்கு நடுவில் அவருக்கு வெளிநாட்டுக்கு ஆகாதவர் என்ற பட்டமும் கிடைத்தது. 2019 ஜனவரியில் சிட்னியில் குல்தீப் யாதவ் ஐந்து விக்கெட் எடுத்ததும், வெளிநாட்டில் இனி நம் முதல் ஸ்பின்னர் குல்தீப்தான் என்று பயிற்சியாளர் ரவி சாஸ்திரி அறிவித்தார். அன்று நொறுங்கிப்போனதாக அஸ்வின் 2021 டிசம்பரில் ஒரு பேட்டியில் சொன்னார். எல்லாருடைய ரொட்டிக்கும் வெண்ணெய் தடவுவது தன் வேலை இல்லை என்று சாஸ்திரி பதில் சொன்னார். நெய் ஒழுகும் பொங்கல் தின்னும் ஊர் இது. ரொட்டியும் வேண்டாம், வெண்ணெயும் வேண்டாம். அவர் கேட்டது பந்தை.

தி.நகர் சோமசுந்தரம் மைதானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். ஒரே மண்ணில் ஏகப்பட்ட மேட்ச் ஒரே நேரத்தில் நடக்கும். இந்த மேட்சின் மிட் ஆன் அந்த மேட்சின் விக்கெட் கீப்பருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். அங்கேயும் அணித் தேர்வு உண்டு. அதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பேட் யாருடையதோ அவனுக்கு இடம் உறுதி. அவன் முதல் பந்தில் அவுட்டானால் அது 'டிரையல் பால்'. இந்தியக் கிரிக்கெட்டும் இதே சட்டத்தில்தான் பிறந்தது. 1936இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியின் பேட்டுக்குச் சொந்தக்காரர் விஜயநகரம் இளவரசர், விஜ்ஜி. அவர்தான் கேப்டன். மூன்று டெஸ்டில் ஆறு இன்னிங்ஸ் ஆடி மொத்தம் 33 ரன் எடுத்தார். எதிரணிக்காரருக்குத் தங்கக் கடிகாரம் பரிசளித்து லேசான பந்து வாங்கினார் என்று ஒரு கதை உண்டு; கதையோ நிஜமோ, 33ஐப் பார்த்தால் கடிகாரம் ஓடவில்லை என்றுதான் தோன்றுகிறது. லாலா அமர்நாத்தைப் பாதியில் ஊருக்கு அனுப்பினார்கள். விஜ்ஜிக்கு அதே பயணத்தில் 'சர்' பட்டம் கிடைத்தது.

அந்தக் கப்பலில் நம் ஊர்க்காரர் ஒருவரும் போனார். எம்.ஜே. கோபாலன். 1934இல் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர். ஹாக்கியிலும் மன்னன், 1935இல் தியான் சந்துடன் நியூசிலாந்து போய் ஆடிவிட்டு வந்தவர். 1936இல் அவர் முன்னால் இரண்டு டிக்கெட்: ஹாக்கிக்காக பெர்லின் ஒலிம்பிக், கிரிக்கெட்டுக்காக இங்கிலாந்து. கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி பெர்லினில் தங்கம் வென்றது. இங்கிலாந்தில் கோபாலனுக்கு ஒரு டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை. அந்த முதல் ரஞ்சி ஆட்டத்தை ஒரே நாளில் முடித்து வைத்த ஏ.ஜி. ராம்சிங், மைசூரின் 11 விக்கெட்டை எடுத்தவர், வாழ்நாளில் ஓர் அதிகாரபூர்வ டெஸ்டும் ஆடவில்லை. அவர் பிள்ளைகள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் ஆடினார்கள். லெக் ஸ்பின்னர் வி.வி. குமார் 1961இல் டெல்லியில் முதல் டெஸ்டிலேயே 64 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். அதோடு இன்னும் ஒரே ஒரு டெஸ்ட், கதை முடிந்தது.

வெங்கட்ராகவனுக்கு நடந்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறீர்கள்? 1974 டிசம்பர், டெல்லி டெஸ்டில் அவர் இந்தியாவின் கேப்டன். அடுத்த டெஸ்ட், கொல்கத்தா, ஆடும் பதினொருவரில் இல்லை. கேப்டன் பதவியிலிருந்து நேராக வெளியே! 1979இல் இங்கிலாந்துப் பயணத்துக்குக் கேப்டனாகப் போனார். திரும்பி வரும் விமானத்திலேயே, இனி கேப்டன் கவாஸ்கர் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சீட் பெல்ட் போடச் சொல்லும் அதே ஒலிபெருக்கியில். இதெல்லாம் மும்பைக்காரர்கள் சதி என்று பெஞ்சு கண் சிவக்கும். இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்திலும் இங்கே உட்கார்ந்து "பிரசன்னாதான் ஓய் கிளாஸ், வெங்கட் சும்மா டைட்டா போடுவான்" என்று வருடக்கணக்கில் சாட்சி சொன்னவர்கள் யார்? பெங்களூர்க்காரர்களா?

பெஞ்சின் கண்ணீர் முகவரி பார்த்துத்தான் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெறுத்தாலும் சரி. சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து ஒருவர் வலைப்பயிற்சிக்குப் பந்து வீச ஆஸ்திரேலியா போனார். மற்றவர்கள் அடிபட்டு விழ விழ, ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2021 ஜனவரி பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். நடராஜன். அது அவருடைய முதல் டெஸ்ட். இதுவரை ஒரே டெஸ்டும் அதுதான். காயம், அறுவைச் சிகிச்சை என்று காரணங்கள் உண்டு, நியாயமான காரணங்கள். ஆனால் அவருக்கு இடம் உண்டா என்று லஸ் அமர்வு ஒரு காலையாவது விசாரித்ததா? "பாவம், நல்ல பையன்" என்றதோடு கட்டு மூடப்பட்டது. நல்ல பையன் என்று சொல்லிவிட்டால் நல்ல பவுலரா என்று கேட்க வேண்டியதில்லை.

திருஷ் காமினி என்ற பெயரைச் சொல்லிப் பார்த்தேன். "யாரு, சீரியல்ல வராளே, அவளா?" என்றார் குல்லாய்க்காரர். சென்னைப் பெண். 2013இல் உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண். 2014 நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 192 ரன். அதற்குப் பிறகு அவர் டெஸ்ட் ஆடவே இல்லை. தேர்வாளர்கள் நீக்கினார்களா என்று கேட்காதீர்கள். இந்தியப் பெண்கள் அணிக்கு அடுத்த டெஸ்டே 2021 ஜூனில்தான் வந்தது. 192 அடித்துவிட்டு ஆறரை வருடம் காத்திருக்கச் சொன்ன நாட்டில்தான், மூன்று கிழவர்கள் தினமும் அரை மணி நேரம் 'தகுதி' என்ற சொல்லை மென்று துப்புகிறார்கள்.

இன்னொரு வழக்கை மட்டும் இந்த ஊரில் தொடவே முடியாது. 2025 மார்ச் 28, சேப்பாக்கம், பெங்களூர் அணியோடு ஆட்டம். சென்னை சூப்பர் கிங்ஸ் 197 துரத்திக்கொண்டு மூழ்குகிறது. 43 வயது தோனி ஒன்பதாவதாக இறங்குகிறார். அஸ்வினே அவருக்கு முன்னால் இறங்கிவிட்டுப் போயிருந்தார். ஆட்டம் செத்துப்போன பிறகு வந்து 16 பந்தில் 30 அடித்தார். மஞ்சள் கடல் ஆர்ப்பரித்தது. அணி 50 ரன்னில் தோற்றது. மறுநாள் நான் பெஞ்சில் மெதுவாகக் கேட்டேன், "இவருக்கு இடம் உண்டா?" நாஸ்திகன் கபாலீஸ்வரர் கோவிலில் செருப்போடு நுழைந்தது போல என்னைப் பார்த்தார்கள். ராஞ்சியிலிருந்து வந்த பிள்ளைக்குத் தாய் மடி, தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு நேர்முகத் தேர்வு. அஸ்வின் வீட்டுக்கும் இந்த பெஞ்சுக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான். துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்காத நாளில் ஆட்டோவில் எட்டிவிடலாம். மாம்பலம் தெருக்களில் டென்னிஸ் பந்தைச் சொடக்கிச் சொடக்கிப் போட்டார்களே, அந்தச் சொடக்குப் பந்தைத்தான் அவர் கேரம் பந்தாக்கி உலகத்துக்குக் கொண்டுபோனார். நம் தெருவின் வித்தை அது. அதற்கும் நாம் வெளிநாட்டுச் சான்றிதழ் கேட்டோம்.

2023 உலகக் கோப்பையில் நம்மை ஏமாற்றிய விதம் இன்னும் அழகு. கடைசி நேரத்தில் அக்சர் படேலுக்குப் பதில் அஸ்வினை அணியில் சேர்த்தார்கள். அக்டோபர் 8, சேப்பாக்கம், ஆஸ்திரேலியா: பத்து ஓவர், 34 ரன், ஒரு விக்கெட். ஊர் குளிர்ந்தது. மீதிப் பத்து ஆட்டத்திலும் அவர் இல்லை. உள்ளூர்த் திருவிழாவுக்கு உற்சவரை ஒரு நாள் மட்டும் புறப்பாடு செய்து திரும்பப் பூட்டிவிட்டார்கள். நவம்பர் 19 அகமதாபாத் இறுதி ஆட்டத்தில் இடது கை டிராவிஸ் ஹெட் 137 அடித்தார். ஓவலிலும் அவர்தான், இங்கேயும் அவர்தான், இரண்டு தடவையும் அஸ்வின் வெளியேதான். ஆடியிருந்தால் எடுத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அடி வாங்கியும் இருக்கலாம். அடி வாங்கவும் ஓர் இடம் வேண்டுமே.

கடைசிப் பயணம் 2024 ஆஸ்திரேலியா. செப்டம்பரில்தான் சேப்பாக்கத்தில் பங்களாதேஷுக்கு எதிராக 113 ரன்னும் கடைசி இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டும் எடுத்திருந்தார். பெர்த்தில் வாஷிங்டன் சுந்தர் ஆடினார். அடிலெய்டில் அஸ்வின். பிரிஸ்பேனில் ஜடேஜா. மூன்று டெஸ்ட், மூன்று ஸ்பின்னர். குலுக்கல் சீட்டுக்குக்கூட இதைவிட நிதானம் உண்டு. டிசம்பர் 18, மழையில் டிராவான பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்ததும், தொடர் பாதியில் இருக்கும்போதே, ஓய்வு பெறுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வழியனுப்பு ஆட்டம் கிடையாது. மறுநாள் சென்னையில் அவருடைய அப்பா தொலைக்காட்சியிடம் 'அவமானம்' என்ற சொல்லைச் சொல்லிவிட்டார். பெற்ற மனம். அதற்குப் பிள்ளை எழுதிய பதிலைப் படித்து ஊரே சிரித்தது: "டேய் ஃபாதர், என்னடா இதெல்லாம்". அப்பாவை மன்னித்துத் தனியாக விடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

நாகேஸ்வர ராவ் பூங்கா அன்று விடுமுறை விடாமல் கூடியது. மூன்று நீதிபதிகளும் கண் கலங்கினார்கள். "எப்பேர்ப்பட்ட பவுலர்! இவனை மதிக்கத் தெரியலையே பாவிகளுக்கு" என்று வங்கி மாமா மேல்துண்டால் மூக்கைச் சிந்தினார். 'ஆனா' என்ற சொல் அன்று காலை ஒரு தடவைகூட வரவில்லை. பதிமூன்று வருடத்தில் முதல் தடவை. அஸ்வின் குடியிருக்கும் தெருவுக்கு அவர் பெயரை வைக்கும் யோசனை பிறகு மாநகராட்சி மன்றம் வரை போனது. அணியில் இடம் இல்லாவிட்டால் என்ன, தெருவில் இருக்கிறதே. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடிட்டர் அடுத்த கட்டை எடுத்தார்: "இந்த வாஷிங்டன் சுந்தர் இருக்கானே... அவன் பேட்ஸ்மேனா, பவுலரா? நல்ல பையன்தான், ஆனா..."

வெளிநாட்டில் ஒரு ஸ்பின்னருக்கு மேல் இடமில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் அஸ்வினை இத்தனை வருடம் உட்கார வைத்தார்கள். அவர் ஊர் திரும்பிய ஏழாம் நாள், டிசம்பர் 26, மெல்போர்னில் இந்தியா இரண்டு ஸ்பின்னர்களுடன் இறங்கியது.